பிள்ளையோடு சிங்கப்பூர் போய்க் குடியேறுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து தனியாகக் கிளம்பும் அம்மா, அப்பாக்களுக்கான செய்முறை

சிங்கப்பூரில் வேலை உறுதியானால் உங்கள் விசா வேலைகளைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். பிள்ளையின் காகிதங்களை ஊரிலிருந்து திரட்டித் தரவேண்டியது நீங்கள்தான், பெரும்பாலும் தாமதமாவதும் அங்கேதான். அதனால் பிள்ளையின் காகிதங்களை முதலில் தொடங்குங்கள். வேலைக்கான ஆஃபர் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் சம்பளக் கணக்கு

பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள டிபெண்டன்ட் பாஸ் (அங்கே வேலை செய்பவரின் குடும்பத்தினர் தங்குவதற்கான அனுமதி) வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்நிலை வேலைக்கான அனுமதி) அல்லது எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வைத்திருந்து, நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்.) ஓவர்டைம், போனஸ் இந்தக் கணக்கில் வராது. வொர்க் பெர்மிட்டில் (கட்டுமானம், வீட்டு வேலை போன்றவற்றுக்கான அனுமதி) போகிறவர்களுக்குப் பிள்ளையை அழைத்துப் போக வழியே இல்லை. "போய்விட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

"பாட்டியைக் கூட வைத்துக்கொண்டால் போச்சு" என்ற யோசனையையும் இப்போதே சரிபாருங்கள். பெற்றோரை நீண்ட நாள் தங்க வைக்க உங்கள் சம்பளம் 12,000 வெள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாட்டி சுற்றுலா விசாவில் வந்து சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பத்தான் முடியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவரை நம்பிப் போடாதீர்கள்.

படி 1: பிறப்புச் சான்றிதழ்

மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா? அப்பா, அம்மா பெயர்கள் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் இருக்கின்றனவா? ஆங்கிலமும் இருக்கிறதா? பிறந்த உடனே வாங்கிய சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருப்பது நம் பக்கம் சகஜம். பெயரைப் பின்னால் சேர்க்கலாம், ஆனால் அதற்கு நாளாகும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் பலர் பிரசவத்துக்கு பெங்களூரு போவார்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். எனவே திருத்தமும் கர்நாடகப் பதிவாளரிடம்தான். கிருஷ்ணகிரி நகராட்சியில் வரிசையில் நின்று பயனில்லை.

இனிஷியல்தான் பெரிய தொல்லை. சான்றிதழில் "ர. கவின்", பாஸ்போர்ட்டில் "கவின் ரமேஷ்" என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எந்த வடிவம் என்று முடிவு செய்து, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

படி 2: பிள்ளையின் பாஸ்போர்ட்

36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே என்றால் பத்து சதவீதம் குறையும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். அப்பா, அம்மா இருவரும் அனெக்சர் டி என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட முடியாத அல்லது மறுக்கும் நிலை என்றால் அனெக்சர் சி. விவாகரத்து ஆகியிருந்தால் பிள்ளை யார் பொறுப்பில் என்ற கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டோடு அதன் வேலை முடியாது, பள்ளியிலும் கேட்கலாம்.

படி 3: தடுப்பூசிச் சரிபார்ப்பு

அதிகம் பேர் தவறவிடும் இடம் இது. சிங்கப்பூருக்கு வெளியே பிறந்த, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு தொண்டை அடைப்பான், தட்டம்மை தடுப்பூசிகள் போடப்பட்டதை சிங்கப்பூரின் தேசியத் தடுப்பூசிப் பதிவகம் சரிபார்த்துத் தர வேண்டும். டிபெண்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இது கையில் இருக்க வேண்டும், பின்னால் தருகிறேன் என்றால் நடக்காது.

சிக்கல் எங்கே வருகிறது? நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டம்மை-ருபெல்லா ஊசியின் முதல் தவணையை 9 மாதம் முடிந்ததும் போடுவார்கள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். சிங்கப்பூர் அட்டவணையில் முதல் தவணையே 12-ஆம் மாதத்தில்தான் வருகிறது. ஒரு வயதுக்கு முன் போட்ட ஊசியைக் கணக்கில் எடுக்காமல் போக இடமுண்டு. அப்படியானால் உங்கள் பிள்ளைக்கு ஒரு தவணைதான் ஆகியிருக்கிறது என்று கணக்காகும். குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, இன்னொரு தவணை தேவையா, எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பூசி பூஸ்டரும் பலருக்கு விட்டுப்போயிருக்கும். அதையும் சேர்த்தே பாருங்கள்.

அட்டையில் நர்ஸ் எழுதிய தேதி அழிந்திருந்தால், வெறும் டிக் மட்டும் இருந்தால், ஊசியின் பெயர், போட்ட தேதி, பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி இவை நான்கும் வரும்படி மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள்.

படி 4: பாஸ் விண்ணப்பம்

இதை நீங்கள் போட முடியாது, கம்பெனிதான் போடும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், தடுப்பூசிச் சரிபார்ப்பு மூன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து ஒரே மெயிலில் எச்.ஆருக்கு அனுப்புங்கள். அதிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: பிள்ளைக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா? எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருகிறவருக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு மானியம் இல்லை.

படி 5: பள்ளி

வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். அந்த ஆண்டில் ஏழு வயது ஆகும் பிள்ளை தொடக்கநிலை 1-இல் சேரும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை சேர்க்கையின் கடைசிக் கட்டத்தில்தான் வரும். முந்தைய ஆண்டு மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் இணையத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். இடம் மிஞ்சினால் கிடைக்கும். ஆனால் நுழைவுத் தேர்வு இல்லை.

தொடக்கநிலை 2 முதல் 5 வரை சேர ஏ.இ.ஐ.எஸ். என்ற தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலமும் கணக்கும் சோதிப்பார்கள். பாஸ் செய்தாலும் இடம் உறுதியில்லை. தொடக்கநிலை 6-இல் இந்த வழியில் சேர்ப்பதே இல்லை. பாப்பாரப்பட்டி, பர்கூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் நான்காவது படிக்கும் பிள்ளைக்குக் கணக்கு பரவாயில்லை, ஆங்கிலம்தான் கவிழ்க்கும். எனவே பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயது என்றால் அரசுப் பள்ளியைக் குறி வைக்கலாம். ஒன்பது, பத்து என்றால் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் உள்ள இந்தியப் பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணத்தை முதலில் விசாரித்துவிட்டு சம்பளத்தைப் பேசுங்கள்.

தாய்மொழிப் பாடம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஓசூர், வேப்பனப்பள்ளிக் குடும்பங்கள் கவனிக்க: அரசுப் பள்ளிகளில் தமிழ் உண்டு. மற்ற இந்திய மொழிகளில் இந்தி, உருது, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி ஏற்பு உண்டு. தெலுங்கு, கன்னடம் இல்லை. ஏற்கெனவே தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழை எடுப்பதே சுலபம்.

ஊர்ப் பள்ளியில் டி.சி.யைக் கடைசியாக வாங்குங்கள். பாஸ் கிடைக்கும் முன் வாங்கிவிட்டு, விண்ணப்பம் தள்ளுபடியானால் பிள்ளை எங்கும் இல்லாமல் நிற்கும். அதுவரை ஆங்கிலத்தில் போனஃபைடு சான்றும் இரண்டு வருட மதிப்பெண் அட்டையும் போதும்.

படி 6: வீடு

பிள்ளையோடு முதல் நாளே இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முடிந்தால் நீங்கள் முன்னால் போய் வீடும், பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையமும் பிடித்துவிட்டு, வந்து அழைத்துப் போங்கள். பெங்களூருவிலிருந்து நேர் விமானத்தில் நாலரை மணி நேரம்தான்.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் அறையோ முழு வீடோ குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும். அதற்குக் குறைவாகத் தருகிறேன் என்பவர் விதியை மீறுகிறார். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு வழக்கமாக ஒரு மாத முன்பணம். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 1,500 வெள்ளி, 12 மாதம் என்றால் 72 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளியும் அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தத்தில் சமையல் பற்றிய வரியைப் படியுங்கள். "லேசான சமையல்" என்றால் நூடுல்ஸ், முட்டை அளவுதான். களி கிண்டுவதையும் காய்ந்த மிளகாய் தாளிப்பதையும் வெளிப்படையாகச் சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைக்கு மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு என்றால் பட்ஜெட்டும் தாங்காது, வயிறும் தாங்காது.

படி 7: பெட்டி

கசகசா வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டில் அரைத்த குருமா மசாலாவிலும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டே கட்டுங்கள். சூயிங்கம், புகையிலை, வேப் (மின்-சிகரெட்) எதுவும் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிக்கல்.

மிக்சி எடுத்துப் போகலாம். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. பிளக் மட்டும் சதுர முள் மூன்று உள்ளது. போன் சார்ஜருக்கான சின்ன டிராவல் அடாப்டரில் 750 வாட் மிக்சியைப் போட்டால் சூடாகி உருகும். 13 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள், அல்லது அங்கே போய் பிளக்கையே மாற்றிவிடுங்கள். ராகி மாவை மூட்டை கட்ட வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா கடைகளில் கிடைக்கிறது.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், பிள்ளைக்கும் தனியாக. அது இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம்.

படி 8: முதல் வாரமும் அதற்குப் பிறகும்

பஸ், ரயிலில் 0.9 மீட்டருக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. அதைவிட உயரம், ஆனால் ஏழு வயது ஆகவில்லை என்றால் குழந்தைச் சலுகை அட்டை வாங்கினால்தான் இலவசம். அட்டை இல்லாமல் ஏறினால் பெரியவர் கட்டணம்.

ஏழு வயதுக்குக் கீழ் என்றால் முழுநாள் பாலர் பராமரிப்பு நிலையம், பொதுவாகக் காலை 7 முதல் மாலை 7 வரை. பள்ளிப் பிள்ளைக்கு மாணவர் பராமரிப்பு நிலையம். இரண்டிலும் மானியம் உங்கள் பிள்ளைக்குக் கிடையாது, நீங்கள் முழுக் கட்டணம் கட்டுவீர்கள். அலுவலகத்துக்குப் பக்கம் பார்ப்பதைவிட வீட்டுக்குப் பக்கம் பாருங்கள். நீங்கள் தாமதமானால் பக்கத்து வீட்டுக்காரராவது போய் அழைத்து வரலாம்.

கை-கால்-வாய் நோய் (சிறு பிள்ளைகளிடையே பரவும் தொற்று) வந்தால் குணமாகும்வரை நிலையத்தில் சேர்க்கமாட்டார்கள், சாதாரணமாக ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிடும். குடியுரிமை இல்லாத, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக உங்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் பராமரிப்பு விடுப்பு வருடத்துக்கு இரண்டே நாள், அதுவும் மூன்று மாதம் வேலை பார்த்த பிறகு. மீதி உங்கள் சொந்த விடுப்பில்தான் போகும். ஆகவே முதல் ஆறு மாதம் ஆண்டு விடுப்பில் கை வைக்காதீர்கள், தீபாவளிக்கு ஊருக்கு வருவதானாலும். நிலையத்தின் படிவத்தில் பிள்ளையை அழைத்துப் போக உரிமை உள்ள இரண்டாவது ஆளின் பெயரையும் எழுதுங்கள், அது அக்கம்பக்கத்தில் நம்பகமான ஒருவராக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999. இரண்டையும் வீட்டு முகவரியின் ஆறு இலக்க அஞ்சல் எண்ணையும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.