பத்துக் காம்பு, பதினோரு குட்டி

நாட்டு நாய் ஒரு ஈத்துக்கு ஐந்தாறு குட்டி போடுவது சாதாரணம். பத்தைத் தாண்டிவிட்டால் ஊரில் உடனே ஒரு யோசனை வரும். எங்கள் செவலை பதினோரு குட்டி ஈன்றபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலியோரம் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணைக் கொண்டுபோய் ஆத்தங்கரையில விட்டுடு தம்பி, மிச்சமாவது பொழைக்கும்" என்றார்கள். தாய் இளைத்துப்போகுமே என்ற கவலையில்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு அவசியமே இல்லை. தாய்க்கு வயிறாரப் போட்டு, குட்டிகளை முறை வைத்து ஊட்டவிட்டால் பெரும்பகுதி தாய்ப்பாலிலேயே நடந்துவிடும். புட்டிப்பால் குறையை நிரப்பத்தான்.

நான் நீடாமங்கலம் பக்கம். ஊர்ப் பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்க்கிற வேலையில் இருந்தவன். அதனால் எதையும் எடை போட்டு, அளந்து பார்க்கிற பழக்கம் உண்டு. குட்டி வளர்ப்பில் அந்தப் பழக்கம்தான் பெரிய உதவி.

முதல் நாள் ஒரே வேலை: எல்லாக் குட்டிக்கும் சீம்பால் போய்ச் சேர வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. குட்டியின் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் 24 மணி நேரம்தான். அதிலும் முதல் பாதியில் குடித்தால்தான் முழுப் பலன். வலுவான குட்டிகள் முட்டி மோதி இடம் பிடித்துவிடும். சின்னதை நாம்தான் எடுத்துக் காம்பில் வைக்க வேண்டும். பின்னங்கால் பக்கம் உள்ள காம்புகளில் பால் அதிகம், அங்கே வையுங்கள். உண்மையிலேயே குடிக்கிற குட்டியின் நாக்கு இரண்டு ஓரமும் மடிந்து காம்பைச் சுற்றிப் பிடித்திருக்கும். முன்னங்கால்கள் மடியை மாறி மாறி அமுக்கும். லேசாகப் பின்னால் இழுத்தாலும் விடாது. சும்மா வாயை வைத்துக்கொண்டிருக்கிற குட்டி இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். அதைக் குடித்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து முறை. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு ஆற்றுக்கும் முறை வைத்துத் திறப்பார்கள் அல்லவா, அதே கணக்கு. குட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு கூட்டத்தைத் தாயிடம் விட வேண்டும். மற்றக் கூட்டம் துணி விரித்த தக்காளிப் பெட்டியில் கதகதப்பாக, தாயின் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும். கண்மறைவாகக் கொண்டுபோனால் தாய் தவித்து, ஊட்டுவதையே நிறுத்திவிடும். பிரிக்கும்போது கொழுத்தது ஒரு பக்கம், இளைத்தது ஒரு பக்கம் என்று பிரியுங்கள். இளைத்த கூட்டத்துக்கு முதல் முறை. கடைமடைக்கு முதலில் போகட்டும்.

பாலைவிட முந்தியது சூடு. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பசியில் போகிற குட்டியைவிடக் குளிரில் போகிற குட்டி அதிகம். முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. எங்கள் பக்கம் மார்கழிப் பனியில் விடிகாலையில் சிமெண்ட் தரை சில்லிட்டுக் கிடக்கும். நாலு பலகையை அடித்து ஒரு அடைப்பு செய்து, அடியில் சாக்கு, மேலே பழைய பருத்தி வேட்டி போடுங்கள். வைக்கோல் வேண்டாம், கண்ணைக் குத்தும், பூச்சியும் சேரும். சுவரையொட்டி உள்பக்கம் ஒரு சாண் உயரத்தில் குறுக்குச் சட்டம் அடித்துவிட்டால், தாய் சாய்ந்து படுக்கும்போது ஓரத்துக் குட்டி நசுங்காது. அடைப்பின் ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பு தொங்கட்டும். முதல் வாரம் அந்த மூலை 30 டிகிரி அளவில் இருந்தால் சரி. சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுமூலை வேண்டும். கரண்ட் போனால் வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி வையுங்கள்.

தாய் ஒரு குட்டியை மூக்கால் தள்ளி ஒதுக்கினால், "அது தேறாது, தாய்க்கே தெரிஞ்சுபோச்சு" என்பார்கள். பெரும்பாலும் அந்தக் குட்டி தொட்டால் சில்லென்று இருக்கும். அதற்கு உடனே பால் ஊற்றாதீர்கள். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் இயங்காது. உள்ளே போன பால் அப்படியே தேங்கிக் கெட்டுப்போகும், நுரையீரலுக்கும் போகலாம். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. கத்தி, வாயால் தேட ஆரம்பித்த பிறகு பால். சூடான குட்டியைக் கொண்டுபோய் வைத்தால் பல தாய்கள் நக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

எறும்பை மறக்கக் கூடாது. பால் வாடைக்கு வந்து கண்ணிலும் தொப்புளிலும் மொய்த்துவிடும். எறும்புச் சாக்குக்கட்டி, பூச்சி மருந்துப் பொடி எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தாய் நக்கினால் ஆபத்து. அடைப்பைச் செங்கல்மேல் தூக்கி, தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் அந்தச் செங்கலை நிறுத்துவதுதான் நல்லது.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன்பின் நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். பத்து நாள் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரே நிறத்தில் இருக்கிற குட்டிகளை அடையாளம் காண, முதுகில், தொடையில் என்று வேறு வேறு இடத்தில் கொஞ்சம் முடியைக் கத்தரித்துவிடுங்கள். கழுத்தில் நூல் கட்டினால் வளர வளர இறுக்கும். எந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் என்பதை அந்த எடை நோட்டுதான் சொல்லும். கத்தல் சொல்லாது, ஏனென்றால் ரொம்ப நலிந்த குட்டி கத்தவே கத்தாது.

வெறும் பசும்பால் ஏன் போதாது? பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம், எருமைப்பாலில் 7 சதவீதம் பக்கம். நாய்ப்பாலில் ஏறக்குறைய 9. புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு இருக்கும். பசும்பாலில் இருக்கிற பால்சர்க்கரையோ நாய்ப்பாலைவிட அதிகம். அதனால் குட்டிக்குக் கழிச்சல் வரும். கால்நடை மருந்துக் கடையில் நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர்தான் சரி. அது கைக்கு வரும்வரை ஓரிரு நாளுக்கு, 250 மில்லி கொழுப்பெடுக்காத பாலில் மூன்று முட்டையின் மஞ்சள் கருவும் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயும் கலந்து சமாளிக்கலாம். வெள்ளைக் கரு வேண்டாம். மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். குழந்தையைப் போல மல்லாத்தவே கூடாது. புரையேறி நிமோனியா வரும். தாய் மடியில் கிடப்பது போலவே குப்புற வைத்து, தலையை மட்டும் லேசாக உயர்த்தி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. கொடுத்ததும் தாயிடம் விடுங்கள். அது அடிவயிற்றை நக்கினால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் போகும். தாய் நக்கவில்லையென்றால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் நீங்களே தடவிவிட வேண்டும்.

இனி தாய். மூன்றாவது, நாலாவது வாரத்தில் பால் உச்சத்தில் இருக்கும்போது அதற்கு வழக்கமான தீனியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தேவைப்படும். தயிர்சோறு போட்டு இந்தப் பாலை எதிர்பார்க்க முடியாது. கோழிக்கடையில் கழிவாக வருகிற இறைச்சி, கொஞ்சம் ஈரல், அவித்த முட்டை, முள் எடுத்த மீன் இவற்றைச் சோற்றோடு குழைத்து ஒரு நாளைக்கு நாலு வேளை வையுங்கள். குட்டிநாய்த் தீனி வாங்க முடிந்தால் அதுவும் நல்லது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ஆகாது. முதல் சில நாள் குட்டியை விட்டு எழுந்து வராது. தட்டையும் தண்ணீரையும் வாயருகே கொண்டுபோய் வையுங்கள். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

மடியைத் தினமும் தடவிப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் சூடாக, கல்லாக, சிவந்து இருந்தால் மடிநோய். குட்டிகளின் நகம் கீறுவதாலும் இது வரும். வாரம் ஒருமுறை நக நுனியை வெட்டிவிடுங்கள். இன்னொன்று இதைவிட அவசரம். பெரிய ஈத்தில் சுண்ணாம்புச்சத்து பாலில் போய்த் தாயின் ரத்தத்தில் குறைந்துவிடும். மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலும் இதே குறையால் வருவதுதான். மாடு உடம்பு சில்லிட்டுப் படுத்துவிடும். நாய்க்கோ நிலைகொள்ளாமல் மூச்சு இளைக்கும், கால் விறைக்கும், நடுக்கமும் காய்ச்சலும் ஏறும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும். எங்கள் பகுதிக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் கொடுத்தால் இது வராது என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு, சுண்ணாம்புச்சத்தைச் சரிக்கட்டும் உடம்பின் சொந்த ஏற்பாட்டை அது மந்தமாக்கிவிடும்.

இரண்டாவது வாரம் முடிந்ததும் குட்டிகளுக்கும் தாய்க்கும் சேர்த்துக் குடற்புழு மருந்து, அளவு மருத்துவர் சொல்கிறபடி. மூன்று வாரம் கடந்ததும் தட்டையான தட்டில் பால் பவுடர் கரைசலில் தீனியைக் கூழாகக் குழைத்து வையுங்கள். முதலில் மிதித்து உழப்பும், பிறகு நக்கும். அங்கேதான் தாயின் பாரம் இறங்கத் தொடங்கும். ஆறு வாரத்தில் முதல் தடுப்பூசி, எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். குட்டிகள் ஊட்டுவது குறையக் குறையத் தாயின் தீனியையும் படிப்படியாகக் குறைத்தால்தான் மடி கட்டாமல் பால் வற்றும். மடி முழுக்க வற்றியதும் கருத்தடை அறுவைக்கு மருத்துவரிடம் நாள் கேட்டுவிடுங்கள்.