வாகன மாற்றங்களும் வாரண்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிக்கடையில் ஏதாவது ஒன்றை மாட்டிவிட்டாலே வண்டியின் வாரண்டி முழுவதும் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வேறு சிலரோ, எதை மாட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்புகிறார்கள். இரண்டும் தவறு. வாரண்டி கையேடுகளில் பொதுவாக இருப்பது, அங்கீகரிக்கப்படாத உதிரிபாகத்தாலோ மாற்றத்தாலோ உண்டான பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்னும் விதி. ஆகவே, பழுதுக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அலாய் வீல் மாற்றிய காரில் ஏ.சி. கம்ப்ரசர் பழுதானால் வாரண்டியை மறுப்பதில் நியாயமில்லை. வீல் பேரிங் போனால் மறுப்பதற்கு இடம் உண்டு.

இந்தத் தொடர்பை மிக எளிதாக உண்டாக்கிவிடுவது வயரை வெட்டும் பழக்கம். கூடுதல் ஹாரன், பனி விளக்கு, மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா என எதைப் பொருத்தினாலும், நேரம் மிச்சம் என்று மூல வயரின் உறையைச் சீவி, அதில் இன்னொரு வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுகிறார்கள். மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த அந்த இணைப்பு, ஓராண்டு கழித்து எங்கோ ஒரு சென்சாரின் தவறான அளவீடாகத் தலைகாட்டும். சர்வீஸ் சென்டரில் டேப் சுற்றிய வயரைக் கண்டவுடன் படம் எடுத்துவிடுவார்கள்; அதன் பிறகு அந்த மின்சுற்றில் எந்தப் பழுது வந்தாலும் வாதாடுவது கடினம். முகப்பு விளக்குக்கும் இது பொருந்தும். 55/60 வாட் பல்பு இருந்த இடத்தில் 90/100 வாட் பல்பைப் போடும்போது, 12 வோல்ட்டில் ஒரு பல்பு இழுக்கும் மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து எட்டைத் தாண்டிவிடும். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி உயர்வதால், அது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிறது. ஹோல்டர் உருகுவதும் சுவிட்ச் கருகுவதும் இதனால்தான். வெட்டாமல் செருகக்கூடிய கப்ளர், சுவிட்சின் மீது சுமை விழாமல் காக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ் ஆகியவற்றோடு செய்து தராத கடையில் மின்வேலை எதையும் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் மென்பொருளைக் கூடுதல் வேகத்துக்காக மாற்றி எழுதிவிட்டு (ரீமேப்), சர்வீஸுக்கு விடும் முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் தெரியாது என்பது அடுத்த நம்பிக்கை. பல இ.சி.யு.க்கள், மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைத் தம்முள் பதிந்து வைக்கின்றன. டர்போவோ கிளட்சோ போன பிறகு, உள்ளே இருக்கும் அந்தப் பதிவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். பி.எஸ். 6 என்னும் மாசு விதிப்படி வந்த வாகனங்களில் புகைப்போக்கியை மாற்றுவதும் இதே வகையில் சேரும். புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் ஆக்சிஜன் சென்சாரும் அந்தக் குழாயோடு இணைந்தவை என்பதால், அதை மாற்றியவர் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று புகார் செய்தால் அது எடுபடாது.

சட்ட அனுமதியையும் வாரண்டியையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட்டைப் பொருத்தி ஆர்.சி.யில் பதிந்துகொண்டால் சட்டப்படி சரி. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட்டால் அந்தப் பக்கமும் சரி. ஆனால் எஞ்சினுக்கும் எரிபொருள் அமைப்புக்கும் உரிய வாரண்டியை நிறுவனம் அப்போதும் மறுக்கக்கூடும். மறுபுறம், வாரண்டி முடிந்துவிட்ட வண்டி என்பதற்காக எதையும் மாற்றலாம் என்றும் பொருளில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

ஷோரூமில் மாட்டியதாலேயே ஒரு பொருள் வாரண்டிக்குள் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நிறுவனத்தின் பாக எண்ணுடன் வருவது வேறு, டீலர் வெளியில் வாங்கிப் பொருத்துவது வேறு. பில்லில் பாக எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வாரண்டி பாதிக்கப்படாது என்பதை எழுத்தில் கேளுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்குச் சாதாரண உறை போடும் விஷயத்தில் இந்தக் கேள்வி வாரண்டியோடு நிற்காது. உறை கிழிந்து வழிவிடாவிட்டால் ஏர்பேக் உரிய நேரத்தில் விரியாது, அது உயிர் சம்பந்தப்பட்டது.

வாரண்டி இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு பணம் கட்டிவிடுவதே பெரிய இழப்பைத் தரும் தவறு. எந்த மாற்றம், எந்தப் பாகத்தை, எப்படிப் பழுதாக்கியது என்று சர்வீஸ் சென்டர் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தையில் நியாயமான வணிகப் போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்ததற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், தவறான வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றதால் அதை மட்டுமே நம்பி நிற்க முடியாது என்றாலும், அதில் உள்ள நியாயம் உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும். எழுத்தில் காரணம் கிடைத்த பின், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். தீராவிட்டால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். கழற்றிய பாகங்கள், பொருத்திய கடையின் பில், தவறாமல் செய்த சர்வீஸ்களின் பதிவு ஆகிய மூன்றையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.