‘ஸா’: கத்தலானிலும் தஷெல்ஹித்திலும் ஒரு சொல்லின் வேர் தேடும் முறை

ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படும் கத்தலான் மொழியில் ‘ஸா’ என்றால் நோயற்ற, நலமான. தென்மேற்கு மொராக்கோவின் ஸூஸ் சமவெளியிலும் அதையொட்டிய அட்லஸ் மலைகளிலும் பேசப்படும் பெர்பர் மொழியான தஷெல்ஹித்தில் ‘ஸா’ என்றால் ஏழு. இப்படி ஒலி ஒத்துப்போகும் சொல் கிடைத்ததும் உறவு கொண்டாடிவிடக் கூடாது. பெண்பாலும் பன்மையும் என்னவென்று முதலில் பாருங்கள்.

கத்தலானில் பெண்பால் ‘ஸானா’, ஆண்பால் பன்மை ‘ஸான்ஸ்’. ஒருமையில் காணாமல் போன ‘ன்’ இங்கே தலைகாட்டுகிறது. மூலம் லத்தீன் ‘ஸானுஸ்’. சொல்லின் ஈற்றுக்கு வந்துவிட்ட இந்த ‘ன்’ கத்தலானில் உதிர்ந்துவிடும்: ரொட்டி ‘பா’, பன்மை ‘பான்ஸ்’, கை ‘மா’, பன்மை ‘மான்ஸ்’.

இத்தோடு அகராதியை மூடிவிடாதீர்கள். எழுத்தில் இதே உருவம் கொண்ட சொற்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று ‘அவனுடைய, அவளுடைய’ என்னும் பொருள் தருவது. லத்தீன் ‘ஸுவா’விலிருந்து வந்தது. இன்னொன்று ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளிலும் கத்தலோனியக் கடற்கரையான கோஸ்தா பிராவாவின் சில ஊர்களிலும் வழங்கும் பெண்பால் சுட்டு, ஆங்கில ‘the’ போன்றது. மூலம் லத்தீன் ‘இப்ஸா’. அத்தீவுகளுள் ஒன்றான மயோர்க்காவின் ஸா போப்லா, ஸா கலோப்ரா என்ற ஊர்ப் பெயர்களில் முன்னால் நிற்பது இதுதான். ‘ஸா மாரெ’ என்பது அங்கே ‘அந்த அம்மா’வாகவும் இருக்கலாம், ‘அவன் அம்மா’வாகவும் இருக்கலாம், முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பேச்சில் ஓர் அடையாளம் உண்டு: ‘நலமான’ என்ற சொல்லில் அழுத்தம் விழும், மற்ற இரண்டிலும் விழாது.

தஷெல்ஹித்தில் பெண்பால் ‘ஸாத்’. ‘ன்’ எங்கும் எட்டிப்பார்க்காது. கூடுவது பெண்பால் ‘த்’ மட்டும். ஏழு பெண்கள் என்பது ‘ஸாத் த்ம்காரின்’. தனியே நின்றால் பெண்கள் ‘திம்காரின்’; எண்ணுக்குப் பின் வரும்போது அந்த ‘இ’ விழுந்துவிடும். விழுந்த வடிவத்தை வைத்து அகராதியில் தேடுபவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

அடுத்து அக்கம்பக்கத்து மொழிகள். சஹாராவின் பெர்பர் மொழியான துவாரெக்கில் ஏழு ‘எஸ்ஸா’, அரபியில் ‘ஸப்ஆ’. அரபிச் சொல்லோடு உள்ள ஒற்றுமை கடனா, பழைய ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பத்தின் பொதுச்சொத்தா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எனவே குறிப்பில் ‘ஒப்பிடுக’ என்று மட்டும் போடுங்கள், ‘இதிலிருந்து வந்தது’ என்று போடாதீர்கள்.

வழுக்கி விழும் இடம் மயோர்க்கா. 1229-இல் அரகோன் நாட்டு ஜவுமே மன்னர் படையெடுக்கும் வரை அங்கே முஸ்லிம் ஆட்சி. ஆகவே தீவின் ‘ஸா’வுக்கும் வட ஆப்பிரிக்க வேர் என்று சொல்லத் தோன்றும். ஆண்பால் சுட்டைக் கேளுங்கள்: ‘எஸ்’. அது லத்தீன் ‘இப்ஸெ’யின் வழிவந்தது, ‘ஸா’வின் ஜோடி. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் படையெடுப்புக்குப் பின் பெருநிலத்திலிருந்து குடியேறிய கத்தலான்கள்.