சுங்கை சிப்புட்டில் ரயிலேறி பினாங்கில் கப்பலேற: முதல் தடவை போகிறவர்களுக்கு

மூன்று இரவு உல்லாசக் கப்பலில் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் தாமானில் முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "காடியிலேயே பினாங்குக்குப் போயிடுங்க." போகலாம்தான். மூன்று நாள் பார்க்கிங் காசை யார் கட்டுவது? நெடுஞ்சாலையில் பார்க்கக் கிடைப்பதும் செம்பனையும் முன்னால் போகும் லோரியின் பின்பக்கமும்தான். அதே ஊருக்கு ரயிலில் போனால் ஓர் ஆறு, ஒரு மலைச் சுரங்கம், ஓர் ஏரி, அப்புறம் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். நாங்கள் ரயிலில்தான் போனோம். எப்படித் திட்டம் போட்டோம் என்று எழுதுகிறேன்.

படி 1: கப்பல் எந்தத் துறையில் ஆள் ஏற்றுகிறது?

கப்பல் பினாங்குக்கு வருகிறது என்பதாலேயே பினாங்கில் ஏறிவிட முடியாது. பல கப்பல்கள் சிங்கப்பூரிலோ கிள்ளான் துறைமுகத்திலோ ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கில் ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் நிற்கும். உங்கள் முன்பதிவுத் தாளில் 'ஏறும் துறை' என்று இருப்பது ஜார்ஜ்டவுன் சுவெட்டன்ஹாம் பியர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் என்றிருந்தால் இன்னொரு எச்சரிக்கை. கொம்யூட்டர் ரயிலில் கிள்ளான் துறைமுக நிலையம்வரை போய் இறங்கினால் அங்கே கப்பல் இருக்காது. பயணிகள் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது. அங்கே போகத் தனியாகக் காடி பிடிக்க வேண்டும்.

இனி பினாங்கில் ஏறுகிறவர்களுக்கு.

படி 2: பெயர், அந்தச் சாய்கோடு

இதில்தான் எங்களுக்கு ஒரு வாரம் போனது. நம்மில் பெரும்பாலோருக்கு ஐசியிலும் (அடையாள அட்டை) பாஸ்போர்ட்டிலும் பெயருக்கு நடுவே ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) இருக்கும். கப்பல் பதிவுப் படிவம் அந்தச் சாய்கோட்டை ஏற்கவில்லை. அதோடு 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று வேறு கேட்டது. அம்மாவுக்கு ஏது குடும்பப் பெயர்? தம்பி அவசரத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டான். பாஸ்போர்ட்டில் இருப்பதோ வேறு பெயர். போன் மேல் போன் போட்டுத்தான் திருத்த முடிந்தது.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், முழுக்கப் பெரிய எழுத்தும் அம்புக்குறியுமாக. மெஷின் படிப்பது அதைத்தான். அதில் சாய்கோடு வராது. அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் நிரப்பிவிட்டு, பதிவு செய்தவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் முடிய ஆறு மாதமாவது இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

படி 3: ரயில் நாள்

கப்பல் மாலை புறப்படுகிறது என்றால் காலை ரயில் போதும் என்று தோன்றும். வேண்டாம். முந்தின நாளே போய்விடுங்கள். டிக்கெட்டில் இருப்பது கப்பல் நங்கூரம் எடுக்கும் நேரம். ஆள் ஏற்றும் கவுன்டரை அதற்கு வெகுமுன்பே மூடிவிடுவார்கள். ரயில் தாமதமானால் அடுத்த ரயில் வரும். கப்பலுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் சுங்கை சிப்புட் – பட்டர்வொர்த் என்று தேடுங்கள். எல்லா இடிஎஸ் (மின்சார விரைவு ரயில்) வண்டியும் நம் ஊரில் நிற்காது. அதனால் நேரப் பட்டியலைப் பார்த்தபிறகு ஹோட்டல் போடுங்கள், முதலில் ஹோட்டல் போட்டுவிட்டு வண்டி தேடாதீர்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு என்றால் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படி 4: எந்த ஜன்னல்?

பகல் வண்டியாக எடுங்கள். இருட்டில் போனால் காட்சி ஒன்றும் இருக்காது. செயலியில் இருக்கைப் படம் வரும்போது ஜன்னலோரம் தேர்ந்தெடுங்கள். சில இருக்கைகள் பின்னோக்கி இருக்கும். தலை சுற்றுகிறவர்கள் கவனிக்கவும். பக்கம் என்று கேட்டால், போகும் திசைக்கு வலப்பக்கம் என்பேன். காரணம் தைப்பிங்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் காராயில் பேராக் ஆற்றைக் கடக்கும். அங்கே 1900இல் திறந்த விக்டோரியா பாலம், பழைய இரும்புப் பாலம், இன்னும் நிற்கிறது. கைப்பேசியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துத் திறப்பதற்குள் ஆறு போய்விடும். அடுத்து கோலகங்சார், பாடாங் ரெங்காஸ். அதற்கப்புறம் திடீரென்று ஜன்னல் கறுத்து உங்கள் முகமே உங்களுக்குத் தெரியும். அதுதான் பெராப்பிட் சுரங்கம், 3.3 கிலோமீட்டர். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர், இருட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு, வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சுரங்கம் தாண்டி தைப்பிங் வரும்போது வலப்பக்கம் மலை மேலே மேகம் உட்கார்ந்திருக்கும். புக்கிட் லாருட். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கமுந்திங் போனதும் இந்தப் பயணத்தின் உச்சம்: புக்கிட் மேரா ஏரி. தண்டவாளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலேயே போகிறது. 1906இல் கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்சத் தேக்கிய ஏரி இது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: பாகான் செராய், பாரிட் புந்தார், இரண்டு பக்கமும் பச்சை. ரப்பர் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்கள். நம் ஆட்கள் முதலில் வந்து வெட்டியது கரும்புதான்.

எங்கள் பாட்டி ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கில் இறங்கி, பிறையில் ரயில் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தவர். அவர் வந்த பாதையில் நாங்கள் தலைகீழாகப் போனோம், பஃபே சாப்பிட.

படி 5: இரண்டு பை

பெரிய பையைக் கப்பல் முனையத்திலேயே வாங்கிக்கொண்டு சீட்டுக் கட்டி அறைக்கு அனுப்புவார்கள். அது வந்து சேர சாயங்காலம் ஆகலாம். ஆகவே மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில். இஸ்திரிப்பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில் பெரும்பாலான கப்பல்களில் தடை. (சுடுதண்ணி இல்லாமல் எப்படி என்று அம்மா கேட்டார். கப்பலில் கிடைக்கும்.) வீட்டில் சமைத்ததையும் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். புளிச்சோறு கட்டினால் ரயிலிலேயே முடித்துவிடுங்கள். ஏரிக்கு முன்னால் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், பார்க்க முடியாமல் போய்விடும்.

படி 6: பட்டர்வொர்த் முதல் கப்பல் படிவரை

நிலையத்தை ஒட்டியே பினாங்கு சென்ட்ரல், அதன் வழியாகப் பெர்ரித் துறைக்கு நடைபாதை. அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி நடந்தால் போதும். நடந்து ஏறும் பெரியவருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). டச் அண்ட் கோ அட்டையில் காசு ஏற்றி வையுங்கள். அக்கரையில் வெல்ட் கீயில் இறங்கினால் லிட்டில் இந்தியா பக்கம்தான். இரவு அங்கே தங்கி, காலையில் குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோவிலில் கும்பிட்டு, பசியாறிவிட்டு நிதானமாகப் புறப்படலாம். 1833இல் எழுந்த கோவில் அது.

சுவெட்டன்ஹாம் பியர் பெர்ரித் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கடலோரமாகவே போங்கள், மணிக்கூண்டு தெரிந்தால் வந்துவிட்டீர்கள். பெரிய பை இருந்தால் கிராப் காடி எடுங்கள்; சக்கரம் வைத்த பையை அந்த நடைபாதையில் இழுத்து ஒரு சக்கரத்தை நான் ஏற்கெனவே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பும் டிக்கெட்

கப்பல் காலை ஏழு மணிக்குத் துறைக்கு வந்தாலும் நீங்கள் ஏழு மணிக்கு இறங்க முடியாது. தளம் தளமாகத்தான் விடுவார்கள், அப்புறம் குடிநுழைவு வரிசை. மதியத்துக்கு மேல் உள்ள வண்டியாகப் பாருங்கள். இந்த முறை இடப்பக்க ஜன்னல்.