யாழ்ப்பாணத்து அம்மாவிடம் சண்டைக்காலச் சிறுவயதைக் கேட்டெடுப்பது எப்படி

"சண்டைக்காலத்தில என்ன நடந்தது?" என்று கேட்டால், "எல்லாரும் பட்டதுதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளில் தொடங்குங்கள். 1990இல் அரசு போட்ட பொருளாதாரத் தடைக்குப் பிறகு வடக்கில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. "இரவில எந்த விளக்கில படிச்சனீங்கள்?" என்றால் ஜாம் போத்தல் விளக்கு வரும்: அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. எண்ணெய் ஊற்றியது யார், எத்தனை மணிக்கு அணைத்தார்கள், எத்தனை பிள்ளைகள் அதைச் சுற்றி இருந்தார்கள் என்று நூல் பிடித்துப் போங்கள். சைக்கிள் டைனமோவில் கேட்ட ரேடியோவும், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் தோய்த்த உடுப்பும், குண்டுவீச்சுக்குப் பதுங்க முற்றத்தில் வெட்டிய பங்கர் குழியும் தானாக வரும். பங்கருக்கு மேலே என்ன குற்றி போட்டார்கள், மாரியில் தண்ணீர் நின்றதா என்பது வரை கேட்கலாம்.

ஆண்டைக் கேட்காதீர்கள், வகுப்பைக் கேளுங்கள். "அப்ப நான் ஏழாம் வகுப்பு" என்பது பெரும்பாலும் பிழையாக இராது. பாடசாலை விடுகைப் பத்திரம் இருந்தால் அதிர்ஷ்டம்: சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் அதில் இருக்கும், அடிக்கடி இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அதுவே பாதி வரலாறு. "ஆமி வந்த நேரம்" என்றால் எந்த ஆமி என்று உறுதிசெய்யுங்கள். இந்திய இராணுவம் 1987 முதல் 1990 மார்ச் வரை இருந்தது. இலங்கை இராணுவம் யாழ் நகரைப் பிடித்தது 1995 டிசெம்பரில். அதிகம் குழம்புவது இங்கேதான்.

1995 ஒக்ரோபர் 30 வலிகாம இடப்பெயர்வுக்கு, அதாவது இராணுவம் நெருங்க யாழ் நகரும் சுற்றியுள்ள வலிகாமமும் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்ததற்கு, தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வரைபடத்தை விரித்து, வீட்டுப் படலையிலிருந்து நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரி என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். சைக்கிளில் என்ன கட்டினார்கள்? வீட்டில் யாரை விட்டுவந்தார்கள்? முதல் இரவு பள்ளிக்கூடத்திலா, கோயிலிலா, மரத்தடியிலா? பிறகு கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிப் பெருநிலத்துக்குப் போனார்களா, 1996இல் திரும்பினார்களா? பலர் இரண்டு இடப்பெயர்வுகளை ஒன்றாக்கிச் சொல்வார்கள். பாதையை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

மாமா, சித்தி ஆகியோரிடம் தனித்தனியே கேளுங்கள். ஒரே அறையில் இருந்தால் மூத்தவர் சொல்வதே எல்லோருக்கும் நினைவாகிவிடும். கதைகள் முரண்பட்டால் திருத்தாமல் இரண்டையும் எழுதிவையுங்கள்.

போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துவாயில் வையுங்கள். மேசையில் வைத்தால் தேநீர்க் கோப்பைச் சத்தம்தான் பதியும். மின்விசிறியை நிறுத்துங்கள். 40 நிமிடம் போதும். அம்மா நிறுத்தினால் அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். அணைக்கச் சொன்னால் உடனே அணையுங்கள். ஒலிப்பதிவுக்குத் திகதியுடன் பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். இயக்கத்துக்கு (போராளிக் குழுவுக்கு) போனவர், காணாமல் போனவர் பெயர்கள் அதில் இருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம்.