வெயிலில் நிறம் மாறும் துணி: சாயம் எவ்வளவு நாள் தாங்கும்?

வெயில் பட்டால் வெள்ளையிலிருந்து ஊதாவாகும் டீ-ஷர்ட் வாங்கியிருக்கிறீர்களா? அதன் சாயத்தைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணத் துணியை வெயிலில் போட்டு, முன்பும் பின்பும் ஒப்பிட்டால் போதும். பரிசோதனைக் கூடங்களில் வெயிலைப் போன்ற ஒளி தரும் செனான் விளக்கின் கீழ், எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்பதைப் பொறுத்து 1 (சீக்கிரம்) முதல் 8 (மெதுவாக) வரை தரமிட்ட நீலக் கம்பளித் துண்டுகளோடு துணியை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இந்தத் துணி வெயிலில் மாறுவதே அதன் வேலை. அதனால் வெளுத்ததா என்று பார்க்காமல், மாறும் திறன் குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, பாதியை அலுமினியத் தாளால் இறுக்கி மூடுங்கள். மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயிலில் கிடக்கட்டும். ஜன்னலுக்கு உள்ளே வேண்டாம், கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். அப்புறம் தாளைப் பிரித்து, ஒரு ராத்திரி முழுக்க இருட்டில் வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், இரண்டு பாதியும் பழைய நிறத்துக்குத் திரும்பினால்தான் ஒப்பீடு சரியாக வரும்.

மறுநாள் முழுத் துண்டையும் ஒரு நிமிடம் வெயிலில் காட்டி, உடனே ஒரே படத்தில் இரண்டு பாதியும் விழும்படி போட்டோ எடுங்கள். மூடியிருந்த பாதி அடர்த்தியாகவும் மற்றது மங்கலாகவும் தெரிந்தால் சாயம் களைத்துவிட்டது. காலை வெயிலில் எடுப்பது நல்லது. துணி சூடேறினால் பெரும்பாலான இந்தச் சாயங்களின் நிறம் தானாகவே மங்கும்.