பாட்டாவின் கணியமும் ஜி.பி.எஸ்ஸும்: கடலடிப் பார்களைக் குறிப்பது எப்படி

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைக் கன்னியாகுமரிக் கரையில் பார் என்போம். கலவாவும் விளமீனும் ஒதுங்கும் இடம் அது. பார்களுக்குப் பெயர் உண்டு. அங்கே போகும் வழி தூண்டில்காரர்களின் மனதில் இருக்கிறது. எக்கோ சவுண்டரை (ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) வைத்துக்கொண்டு கடலில் கோடு கோடாகத் தேடினால் எண்ணெயும் வீண், நாளும் வீண். கட்டுமரத்தில் தொழில் செய்த ஒரு பாட்டாவோடு (வயதான மீனவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) போனால் நேராகப் பாரின் மேலேயே போய் நிற்கலாம். நான் குளச்சல் பக்கம் பிறந்து கடலுயிரியல் படித்தவள். இந்த வேலையில் இறங்கும் மாணவர்களுக்காக நாங்கள் செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதலில் ஊரின் சம்மதம். ஊர் கமிட்டியிடம் போய், எதற்காகக் கேட்கிறோம், எழுதியது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள். படகு வாடகை, எண்ணெய்ச் செலவு, பாட்டாவின் நாள் கூலி மூன்றையும் திட்டச் செலவிலேயே எழுதிவிட வேண்டும். ஐம்பது வருஷ அறிவை ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டு வருவது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

அப்புறம் கணியம், அதாவது கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் பிடிக்கும் முறை. கடலில் நின்று கரையைப் பார்க்கும்போது, கிட்டத்தில் ஒரு அடையாளம், அதற்கு நேர் பின்னால் தூரத்தில் இன்னொன்று: கோயில் கோபுரமும் அதன் பின்னே ஒரு மலை உச்சியும் என்று வையுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் நாம் ஒரு நேர்கோட்டில் இருக்கிறோம். வேறு திசையில் இதேபோல் இன்னொரு ஜோடி. இரு கோடுகளும் வெட்டும் இடம்தான் பார். கோபுரத்துக்கு வலப்பக்கம் மலை ஒதுங்கித் தெரிந்தால் படகும் வலப்பக்கம் விலகிவிட்டது என்று அர்த்தம். இது சுத்தமான வடிவியல்.

இதைக் கரையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு பாருக்கும் கிட்ட அடையாளம், தூர அடையாளம் என இரண்டு ஜோடி. அடையாளம் இப்போதும் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பனை வெட்டுப்பட்டிருக்கும், புதுக் கட்டடம் மலையை மறைத்திருக்கும். இல்லாமல் போன அடையாளத்தையும் எழுதத்தான் வேண்டும். பழைய படத்தையோ வரைபடத்தையோ வைத்து அதன் இடத்தைப் பின்னால் கண்டுபிடித்துவிடலாம்.

கடலில் போகும்போது ஜி.பி.எஸ் திரையைப் பாட்டாவுக்குக் காட்டாதீர்கள். அவர் கணியம் பார்த்து, "இங்கதான், நிறுத்து" என்ற பிறகே இடத்தைப் பதியுங்கள். இரு ஜோடிகளையும் படம் எடுத்து, திசைகாட்டியில் கோணம் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டினால் இடம் துல்லியமாகக் கிடைக்கும். குறுகிய கோணத்தில் வெட்டினால் பிழை நீளவாக்கில் இழுபடும். அந்த நீளத்தையும் வரைபடத்தில் காட்டுங்கள். முடிந்தால் வேறொரு நாள், வேறொரு பெரியவரோடு, முதலாமவர் சொன்னதைச் சொல்லாமல் அதே பாருக்குப் போய்ப் பாருங்கள்.

ஆழத்தை அவர்கள் பாகத்தில் சொல்வார்கள், இரு கைகளையும் விரித்த அளவு. ஆளுக்கு ஆள் இது மாறும். கரையில் அவருடைய கயிற்றிலேயே பத்து பாகம் அளக்கச் சொல்லி, டேப் வைத்துப் பாருங்கள். நீரோட்டம் இழுத்தால் கயிறு சாயும் என்பதையும் மறக்க வேண்டாம்: 40 மீட்டர் கயிறு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் உண்மையான ஆழம் 35 மீட்டர்கூட இல்லை. எக்கோ சவுண்டர் ஆழத்தை அப்படியே தரும். ஆனால் அடியில் சேறா மணலா பாறையா என்பதைத் தூண்டில் ஈயம் தட்டும் விதத்திலேயே கையால் உணர்பவர் பாட்டாதான். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

நீரோட்டத்தின் பெயரைக் கேட்டு நீங்களாகவே திசையை நிரப்பிவிடாதீர்கள். காற்றை அது வரும் திசையால் சொல்வார்கள். கடலியலில் நீரோட்டத்தைப் போகும் திசையால் குறிப்பார்கள். மீனவர் நீரோட்டத்துக்குச் சொல்லும் பெயர் அது வரும் திசையைக் குறிக்கலாம். கையை நீட்டிக் காட்டச் சொல்லி, அந்தக் கோணத்தை எழுதினால் குழப்பமில்லை. தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதம், பிறை, காற்று மூன்றும் இருக்கட்டும்.

சரி, பாட்டா பார் என்கிறார், எக்கோ சவுண்டர் திரையில் தட்டையான தரைதான் தெரிகிறது. இங்கேதான் பலர் அவசரப்பட்டு "தகவல் தவறு" என்று அடித்துவிடுகிறார்கள். எந்த மாதத்தில் தொழில் செய்தீர்கள், கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேளுங்கள். கச்சான் (மேற்குக் காற்று) காலத்தில் மணல் நகரும். தாழ்ந்த பார் மூடியிருக்கலாம். விசைப்படகின் மடி வலை இழுத்து உடைத்திருக்கவும் கூடும். வேறொரு பருவத்தில் திரும்ப வந்து பாருங்கள், கேமராவைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். பக்கத்துத் திருவனந்தபுரம் கரையில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் அமைப்பினர் மீனவர்கள் சொன்ன பார்களில் முக்குளித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். பல வருஷங்களுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்குப் பெரியவரின் நினைவைத் தவிர வேறு பதிவு பல இடங்களில் கிடையாது. பெரியவர் சொன்னதும் கருவி காட்டியதும் பொருந்தாத இடங்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். அடுத்த ஆய்வுக்கான கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

கடைசியாக, எதை வெளியிடக்கூடாது என்பது. துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகை ஒருமுறை வெளியானால் எந்தப் படகும் அங்கே வலையோடு வந்து நிற்கும். கட்டுரையில் பெரிய கட்டங்களாக மட்டும் காட்டுங்கள். முழு விவரம் ஊரிடம் இருக்கட்டும். 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் வரும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்ப்பதானாலும், எது ரகசியம் என்று ஊரே முடிவு செய்யட்டும். பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட வரைபடம் ஒன்றைக் கமிட்டியிடம் கொடுங்கள். கட்டுரையில் பாட்டாவின் பெயரைப் போடலாமா என்று அவரையே கேளுங்கள். சிலர் சந்தோஷப்படுவார்கள், சிலர் தன் பெயருக்குப் பதில் ஊர்ப்பெயர் போடச் சொல்வார்கள். அவர் சொன்னபடியே போடுங்கள்.